கேன் நிறைகிற சத்தம்

கடைசியாக நான் துளசிமணியை உயிரோடு பார்த்தது சங்ககிரி பஸ்ஸின் பின்படியில். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் கம்பி, முகம் மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தது. அவளுடைய அக்காள் பேத்திக்குக் காதுகுத்து. போய் இரண்டு நாள் கூடமாட இருந்துவிட்டு வருவதாகச் சொல்லிப் புறப்பட்டாள். "ஏனுங்க, அடுப்பு மேல பாலு இருக்குது, மறக்காம ஒருக்காக் காய்ச்சி வெச்சுருங்க" என்றாள். நான் வாய் திறந்து சரி என்றேனா, தலையை மட்டும் ஆட்டினேனா என்று எத்தனையோ முறை யோசித்தும் தெரியவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. மறுநாள் காலையில் அக்காள் வீட்டுக் கிணற்றடியில் முகம் கழுவக் குனிந்தவள் குனிந்த வாக்கிலேயே சாய்ந்துவிட்டாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஐஸ் பெட்டிக்குள் இருந்தாள். பெங்களூரிலிருந்து அவள் தம்பி வரவேண்டும் என்று வைத்திருந்தார்கள். கண்ணாடிமேல் கை வைத்துப் பார்த்தேன். குளிர் எனக்குப் பழகின விஷயம், என் வேலையே அதுதான், அந்தப் பெட்டியின் குளிரெல்லாம் ஒரு குளிரே இல்லை, ஆனாலும் கையை நானாக எடுக்கவில்லை, யாரோ வந்து எடுத்துவிட்டார்கள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபிறகுதான் ஒன்று உறைத்தது. அவள் முகத்துக்கு இரண்டு போட்டோ இருக்கிறது. சேலைகள் இருக்கின்றன. குரலுக்கு எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்கள் வீட்டில் குரலைப் பிடித்து வைக்க ஒன்றும் கிடையாது. அது என் தலைக்குள் மட்டும் இருந்தது. எனக்கு மறந்துபோனால் உலகத்தில் எங்கேயும் இல்லாமல் போய்விடும். பிள்ளை குட்டி இருந்தால் அவர்களுக்காவது கொஞ்சம் ஞாபகம் இருக்கும். எங்களுக்கு அதுவும் இல்லை. அதனால் தினமும் அந்தப் பால் காய்ச்சச் சொன்ன பேச்சை எடுத்து மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். அடியில் கொஞ்சம் கரகரப்பு, 'மறக்காம' என்கிற இடத்தில் ஒரு சின்ன ஏற்றம். சரியாக வந்துவிட்டால் அன்றைக்குப் போதும். சில நாள் வார்த்தை வரும், குரல் வராது; பஸ் ஸ்டாண்டில் ஒலிபெருக்கியில் யாரோ சொல்கிற மாதிரி இருக்கும். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்காது.

நான் வேலை பார்த்தது உறைவிந்து டிப்போவில். காளைகளின் விந்தை மெல்லிய குச்சிகளில் அடைத்து, திரவ நைட்ரஜனுக்குள் போட்டு வைத்திருப்பார்கள். மாடு பருவத்துக்கு வந்தால் அந்தக் குச்சியை எடுத்துத்தான் சினை ஊசி போடுவது. அந்தக் குளிரில் எதுவும் கெடாது, எதுவும் நடக்காது. காளை செத்து வருஷக்கணக்கில் ஆகியிருக்கும், அதன் கன்று இந்தத் தையில் பிறக்கும். ஆரம்பத்தில் எனக்கு இது கொஞ்சம் ஒரு மாதிரியாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. நைட்ரஜன் பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரி இருக்கும். ஆனால் நம் அறைக் காற்றின் சூடே அதற்கு அடுப்புச் சூடு, ஊற்றிய இடத்தில் எல்லாம் கொதிக்கும். லாரியில் வந்து பெரிய டேங்கில் நிரப்பிவிட்டுப் போவார்கள். அதிலிருந்து ஹோஸ் வைத்து, ஊசி போடுகிறவர்கள் கொண்டுவரும் கேன்களில் ஊற்றிக் கொடுப்பது என் வேலை. துளசிமணி போய் மூன்று மாதம் ஆகியிருந்தது, அன்றைக்கு ஐப்பசி மழை. பிடித்துப் பெய்ய ஆரம்பித்த நேரத்தில் அப்பாவு வந்தான். மலையடிவாரத்தில் ஊசி போடுகிறவன், தலையில் உரச்சாக்கின் பிளாஸ்டிக் காகிதம், மொபெட்டின் பின்னால் சைக்கிள் டியூப் போட்டுக் கட்டிய கேன். "அண்ணா, என்ர கேனுக்கு மொதல்ல ஊத்துங்க. மழை வலுத்துச்சுன்னா தரைப்பாலத்துல தண்ணி ஏறிக்கும், அப்பறம் நான் உங்கூட்டுலதான் படுக்கோணும்" என்றான். வெறும் கேனா என்றேன். "சொட்டு இல்லீங்க. குச்சியெல்லாம் டாக்டரு கேனுல விருந்தாளியாட்ட ஒறம்பரைக்குப் போயிருக்குது." காய்ந்த கேன் என்றால் எடுத்ததும் ஊற்ற முடியாது, கொஞ்சம் விட்டுக் கேன் குளிர்கிற வரைக்கும் காத்திருந்து விடவேண்டும், பழக்குவது என்போம், நேரமாகும் என்றேன். "புதுப்பொண்ணாட்டப் பழக்குங்க, யாரு வேண்டாம்னா. நான் போயி ஒரு போண்டா தின்னுபோட்டு வந்தர்றேன்." மூடியைப் பார்த்தேன். கழுத்துக்கும் மூடிக்கும் நடுவே துணியைச் சுற்றி இறுக்கி அடைத்திருந்தான். இது என்னடா என்றேன். "பஸ்ஸுல கொண்டு போறப்பக் கண்டக்டரு பொகை வருதுன்னு எறக்கி உடறானுங்கண்ணா. துணி வெச்சா வாய மூடிக்கிட்டு வருது." அது வாயை மூடாது, உள்ளேயே கொதித்து ஒரு நாள் வெடிக்கும், பஸ்ஸில் கேனைத் தொடை நடுவில்தானே வைத்துக்கொண்டு உட்காருவாய், யோசித்துப் பார் என்றேன். அவன் யோசித்துப் பார்த்தான். "அப்பறம் எனக்கும் யாராச்சும் ஊசி போடோணும்" என்று சொல்லிவிட்டுத் துணியை உருவித் தோளில் போட்டுக்கொண்டு மழைக்குள் டீக்கடைப் பக்கம் ஓடினான். துளசிமணி போனபிறகு என்னிடம் சிரிக்கச் சிரிக்கப் பேசினவன் அவன் ஒருத்தன்தான். மற்றவர்கள் எல்லாம் என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

கையுறை போட்டுக்கொண்டேன். பெரிய அளவு கையுறை, உதறினால் கழன்று விழ வேண்டும், உள்ளே ஒரு சொட்டு புகுந்துவிட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு. பேண்டை ஷூவுக்கு வெளியே இழுத்து விட்டேன். ஹோஸின் முனையைக் கேனுக்குள் அடிவரை இறக்கி வால்வைக் கொஞ்சமாகத் திறந்தேன். உள்ளே போனது போன வேகத்தில் வெளியே சீறியது. காய்ந்த கேன் அப்படித்தான், வருகிறதை எல்லாம் துப்பும். வெள்ளையாக எழுந்து, கழுத்து வழியாக வழிந்து, வெளிப்பக்கமாகவே இறங்கித் தரைக்குப் போனது. புகை மேலே போகும் என்று நினைத்துப் பழகின கண்ணுக்கு இது கீழே போவது எத்தனை வருஷம் ஆனாலும் சரியாகப் படாது. கேன் நிறைவதைக் கண்ணால் பார்க்க முடியாது, வெள்ளை மறைத்துவிடும். நான் காதால் நிரப்புகிறவன். முதலில் இரும்புச் சட்டியில் தண்ணீர் தெளித்த சத்தம். பிறகு மழை தூரத்தில் வருகிற சத்தம். கேன் குளிர்ந்து பழகிவிட்டால் சத்தம் அடங்கி, ஒருத்தர் பக்கத்து அறையில் யாரிடமோ மெதுவாகப் பேசுவது மாதிரி ஒரு முணுமுணுப்பு. அந்த முணுமுணுப்பு அடிவயிற்றிலிருந்து கழுத்துக்கு ஏறும்போது வால்வைத் திருப்ப வேண்டும். அன்றைக்கு அது எதுவும் கேட்கவில்லை. கதவுக்கு வெளியே வண்டி நிறுத்துகிற தகரக் கொட்டகைமேல் மழை விழுந்து காதை அடைத்தது. சாரல் வேறு உள்ளே அடித்தது. கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும், அது சுவரிலேயே எழுதியிருக்கிறது, எழுதினதே நான்தான். இருந்தாலும் கேட்காமல் எப்படி நிரப்புவது. போய்க் கதவைச் சாத்தினேன். காற்று தள்ளியது, தாழ்ப்பாள் போட்டேன். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று நினைத்தேன். மழைச் சத்தம் எங்கேயோ போய், கேன் பேசுவது காதுக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னும் தெளிவாக வந்தது. இவ்வளவு தெளிவாக இந்த அறையில் கேட்டதே இல்லையே என்று நினைத்தேன், ஃபேன் சத்தம் நின்றுபோனதால்தான் தெளிவாக இருக்கிறது என்பதும் தெரிந்தது, கரண்ட் போயிருக்கிறது, சரி, மழைக்குப் போவதுதானே, இன்னும் கொஞ்சம், கேன் பழகட்டும். தெரிந்தது எல்லாம் தெரிந்தபடியே இருந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

சீறல் தணிந்துகொண்டே வந்தது. ஜன்னல் கண்ணாடியில் மழை வழிகிற வெளிச்சம் மட்டும் இருந்தது. வெள்ளை என் ஷூவை மூடிவிட்டது. கால் இருக்கிறதா என்று ஒருமுறை தூக்கிப் பார்த்தேன், இருந்தது, திரும்ப உள்ளே வைத்தேன், போய்விட்டது. பால் பொங்குவதும் இப்படித்தான், ஓரத்தில் ஆரம்பித்து நடுவுக்கு வரும். அன்றைக்கு நான் பாலைக் காய்ச்சவில்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்து மறந்து படுத்துவிட்டேன், காலையில் சேதியோடு ஆள் வந்துவிட்டது, பாலைப் பார்த்தது காரியம் எல்லாம் முடிந்து திரும்பியபோது. மஞ்சளாகத் தெளிந்து அடியில் கட்டியாகக் கிடந்தது. சட்டியைக் கழுவாமல் ரொம்ப நாள் வைத்திருந்தேன். அவளுடைய அண்ணி ஒருத்தி வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு கழுவி வைத்துவிட்டுப் போனாள். அதே அண்ணிதான் முன்னொரு காலத்தில் ஒரு விசேஷ வீட்டில், "ஊர் மாட்டுக்கெல்லாம் கன்னுக்குட்டி குடுக்கற மகராசன், ஊட்டுல ஒரு தொட்டிலக் கட்ட வக்கில்லை" என்று இலையில் பரிமாறிக்கொண்டே சொன்னவள். நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். துளசிமணி எழுந்து வந்து என் இலையை மடித்து, "வாங்க போலாம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், வழியில் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அந்த 'வாங்க போலாம்' எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஆனால் குரலோடு இல்லை. பால் ஒன்றுதான் குரலோடு இருக்கிறது. பாலை ஓட்டிப் பார்ப்போம் என்று நினைத்தேன். நினைத்து முடிக்கவில்லை, அதுவே ஓடியது. ஏனுங்க, அடுப்பு மேல பாலு இருக்குது. கரகரப்பு சரியாக இருந்தது. மறக்காம, அந்த ஏற்றம். நான் எடுக்கவில்லை, அதுவாக வந்தது. கேனின் பக்கத்திலிருந்து வந்தது. இத்தனை சுத்தமாக அவள் போனபிறகு ஒரு நாளும் வந்ததில்லை. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. மூன்று மாதமாக மார்பின்மேல் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்ட மாதிரி. சுகமாக இருந்தது. அப்போதுதான் அர்த்தனாரி ஞாபகம் வந்தான்.

அர்த்தனாரி எனக்குமுன் அந்த டிப்போவில் ஊற்றிக்கொண்டிருந்தவன், என் வயசுக்காரன். ஒரு மத்தியானம் கேன் மூடி கை நழுவி டேங்குக்கு அடியில் உருண்டுவிட்டது. குனிந்து கையை விட்டுத் துழாவினான், குனிந்தவன் எழவில்லை. நான் வாசலில் இருந்தேன், முதுகுதான் தெரிந்தது. என்னடா தேடறே என்றேன். முதுகு அசையவில்லை. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வெளியே வேப்பமரத்தடியில் போட்டேன். உதடு நாவல்பழம் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தான். திறந்ததும் என்னைத் திட்டினான். "ஏன்டா எழுப்புனே. நல்லாத்தானே இருந்தேன்" என்றான். அழுதான்கூட. சாயந்திரம் டீ குடிக்கும்போதுதான் நிதானமாகச் சொன்னான். "மூச்சு முட்டும்னு நெனைப்பே. முட்டாதுடா. நாத்தம் அடிக்காது, இருமல் வராது. நாம இழுக்கற காத்துல முக்காவாசி இதுதான், அதனால ஒடம்புக்கு ஆளு புதுசுன்னு தெரியாது. உசுர் காத்தை மட்டும் அக்கட்டால தள்ளிப்போட்டு இது வந்து உக்காந்துக்கும். ஒரே ஒரு அடையாளந்தான். இங்க நிக்கறப்ப எப்பவாச்சும் ரொம்ப சொகமா இருக்குதுன்னு தோணுச்சுன்னா, கேனாவது மண்ணாவது, போட்டுட்டு ஓடிரு." அதற்குப் பிறகு அவன் அந்த அறைக்குள் வரவில்லை. பயமாடா என்று கேட்டால், "பயமில்லை. ஆசையா இருக்குது" என்பான். வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். சுகமாக இருந்தால் ஓடிவிட வேண்டும். எனக்கு இப்போது சுகமாக இருக்கிறது. அப்படியானால் ஓட வேண்டும். இது ரொம்பச் சுலபமான கணக்கு, நான் அதைச் சரியாகப் போட்டேன், போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தேன். ஏனென்றால் இன்னொரு கணக்கும் பக்கத்தில் இருந்தது. அர்த்தனாரிக்குக் காரணம் இல்லாமல் சுகம் வந்தது. எனக்குக் காரணம் இருக்கிறது. மூன்று மாதமாகத் தேடின குரல் கிடைத்திருக்கிறது, அதனால் சுகம். யாருக்கும் இருக்கும். இது காற்று கொடுத்த சுகம் இல்லை, அவள் கொடுத்த சுகம். அவள் கொடுத்தது என்றால் ஓட வேண்டியதில்லை. காற்று கொடுத்தது என்றால் ஓட வேண்டும். ஆனால் காற்று எப்படிப் பேசும். பேசுகிறதே. அப்படியானால் அவள்தான். அவள்தான் என்றால் ஓட வேண்டியதில்லை. சுகமாக இருந்தால் ஓட வேண்டும். இப்படியே செக்குமாடு மாதிரிச் சுற்றிச் சுற்றி வந்தேன், ஒவ்வொரு சுற்றிலும் ஓட வேண்டும் என்கிற இடம் கொஞ்சம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. விரல் நுனி மதமதவென்றிருந்தது. கையுறை பெரிது, அதனால் அப்படி என்று வைத்துக்கொண்டேன்.

"காய்ச்சுனீங்களா" என்றாள். அவள் இதுவரை சொல்லாத பேச்சு. நான் எடுத்து எடுத்து ஓட்டின பழைய பேச்சு இல்லை, புதிதாகக் கேட்கிறாள். காய்ச்சவில்லை, திரிந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொன்னேன். என் குரல் டேங்குக்குப் பின்னால் இருந்து யாரோ சொன்ன மாதிரிக் கேட்டது. "போனாப் போகுதுங்க" என்றாள். எத்தனை நாள் அதைக் கேட்கக் காத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடித் தடுப்புக்குள் கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை வரவில்லை, துடைக்காவிட்டாலும் பரவாயில்லை. "நின்னுக்கிட்டே இருக்கறீங்களே, கால் வலிக்கலையா" என்றாள். வலிக்கவில்லை, கால் எங்கே என்றே தெரியவில்லை. "சித்தே உக்காருங்க." குரல் கீழே இருந்து வந்தது. வெள்ளை முட்டிக்கு ஏறி, தரை முழுக்க மெத்தை விரித்த மாதிரி இருந்தது. அவள் அதற்குள் இருக்கிறாள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. கிணற்றடியில் குனிந்தாளே, அப்படியே இங்கே வந்திருக்கிறாள், இங்கே எதுவும் கெடாது. எந்தப் பக்கம் உட்காருவது என்று பார்த்தேன். ஹோஸ் உறைபனி பிடித்து வெள்ளைச் சாரை மாதிரிக் கிடந்தது, அதை மிதிக்காமல் உட்கார வேண்டும், அதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே கவலை. முட்டியை மடக்கினேன். "சென்னியப்பா" என்றாள், "உக்காரு, சென்னியப்பா."

என் பேர்தான். என் பேரைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது என்று சந்தோஷமாக இருந்தது. ஆபீசில் அண்ணா என்பார்கள், அம்மா செத்தபிறகு வீட்டில் யாரும் பேர் சொன்னதில்லை. யாரும் என்றால் யார், வீட்டில் இருந்தது ஒருத்திதான். அவள் சொன்னதில்லை. இந்த இடத்தில் எதுவோ துணி முள்ளில் மாட்டின மாதிரி மாட்டியது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. அவள் சொன்னதில்லை. ஒருமுறை வேண்டுதலுக்குச் சென்னிமலைக்குப் போனோம். பஸ்ஸில் பெண்கள் பக்கம் அவள், பின்னால் கூட்டத்தில் நான். கண்டக்டர் எந்த ஊர் என்றான். "ஈரோட்டுக்கு அக்கட்டாலங்க, முருகன் மலை" என்றாள். பழனியா என்றான். "அது இல்லீங்க, இங்கிட்டு, கைத்தறிப் பெட்சீட்டெல்லாம் நெய்யறாங்களே" என்றாள். "ஏம்மா, ஊருக்குப் பேரு இல்லையா" என்றான் அவன். இவள் திரும்பிக் கூட்டத்துக்குள் என்னைத் தேடினாள். அவன் புரிந்துகொண்டு, "ஓ, ஊட்டுக்காரரு பேருல ஊர் இருக்குதா. அய்யா, சென்னின்னு ஆரம்பிக்கற யாராச்சும் பின்னாடி இருந்தா வந்து ரெண்டு டிக்கெட் வாங்கிட்டு உங்க சம்சாரத்தக் காப்பாத்துங்க" என்று கத்தினான், பஸ் முழுக்கச் சிரித்தது. புருஷன் பேரை மட்டும் இல்லை, அந்தப் பேர் ஒட்டின ஊரையும் சொல்ல மாட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கணவர் பேர் என்ன என்று கேட்டபோது சுவரில் மாட்டியிருந்த சென்னிமலைக் கோயில் காலண்டரைக் கையால் காட்டினாள். காய்ச்சல் கண்டு மூன்று நாள் சுயநினைவில்லாமல் பிதற்றினபோதுகூட, 'அவங்க சாப்புட்டாங்களா' என்றுதான் பிதற்றினாள். உட்காரு என்றும் சொல்ல மாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு 'ங்க' விட்டுப்போனதில்லை. "சென்னியப்பா" என்றது மறுபடியும். குரல் அதேதான். கரகரப்பு அதேதான், ஏற்றம் அதேதான், எள்ளளவு பிசகில்லை. ஆனால் அவள் இதைச் சொல்ல மாட்டாள். அவள் இல்லை. அவள் இல்லை என்றால் யார். எனக்குத் தெரிந்து என்னை வெறும் பேர் சொல்லி உட்காரச் சொல்லக்கூடியவன் ஒருத்தன்தான், அது நான். அவள் கொடுத்த சுகம் இல்லை இது. அந்தக் கணக்கு அப்போது விழுந்தது, கிணற்றில் கல் விழுகிற மாதிரி, ரொம்ப நேரம் கழித்துச் சத்தம் வந்தது.

முட்டி மடங்கினது மடங்கினபடி இருந்தது. அதை நிமிர்த்தினேன். கீழே போகக் கூடாது, கீழேதான் அது அதிகம், தவழக் கூடாது. டேங்கின் சுவரில் தோளைச் சாய்த்து நகர்ந்தேன். கதவு இருக்கிற பக்கம் தெரிந்தது, அது ஒரு போட்டோவில் இருக்கிற கதவு மாதிரி இருந்தது, அதற்கு என்னோடு சம்பந்தம் இல்லை. பின்னால் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை, வீட்டு வேலையில் இருந்துகொண்டு கூப்பிடுகிற மாதிரி. சென்னியப்பா. தாழ்ப்பாளைக் கையுறையால் பிடித்தேன், பிடி கிடைக்கவில்லை. கையுறையை எதற்குப் பெரிதாக வைக்கிறார்கள் என்று யோசித்தேன். உதறினால் கழல வேண்டும் என்பதற்காக. உதறினேன், கழன்றது. விரலுக்கு உணர்ச்சி இல்லை, அதனால் கண்ணால் பார்த்துப் பார்த்து, வேறு யாரோ ஒருவருடைய கையை வைத்துத் திறக்கிற மாதிரித் தாழ்ப்பாளை நகர்த்தினேன். சென்னியப்பா. திரும்பிப் பார்த்தால் போதும் என்று இருந்தது. பார்க்கவில்லை. தைரியத்தால் இல்லை, கழுத்து திரும்பவில்லை. தாழ்ப்பாள் விடுபட்டதும் காற்று கதவை என்மேல் தள்ளியது, விளிம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே விழுந்தேன். தகரத்தில் விழுகிற மழை தலைக்குள் இடித்தது. மற்ற சத்தம் எல்லாம் அதில் போய்விட்டது.

அப்பாவு பாதி போண்டாவோடு ஓடிவந்தான். "என்னங்கண்ணா, மூஞ்சி சுண்ணாம்பாட்டக் கெடக்குது. வழுக்கிப்போட்டீங்களா" என்றான். அவன் கதவு வழியாக உள்ளே பார்த்தான். வாசற்படி தாண்டி வெள்ளை வழிந்துகொண்டிருந்தது, மழைத்தண்ணீர்மேல் தவழ்ந்து போனது. "அட, என்ர கேனு ரொம்பி வழியுதுங்கண்ணா, வால்வு தொறந்தே கெடக்குது" என்று உள்ளே காலை வைத்தான். அவன் கணுக்காலைப் பிடித்தேன். உதறினான். நான் விடவில்லை. "உடுங்க, சித்தே மூடிப்போட்டு வந்தர்றேன்." என்னால் தலையைத்தான் ஆட்ட முடிந்தது. "பாலத்துல தண்ணி ஏறுதுங்க, மூணு மாடு பருவத்துக்கு நிக்குது, என்னை அடிக்க வருவாங்க" என்றான். இரண்டு கையாலும் காலைக் கட்டிக்கொண்டு சேற்றில் படுத்துக்கொண்டேன். அவன் போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். என் முகத்தில் எதைப் பார்த்தானோ, அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவன் என்னிடம் கேலி பேசவில்லை. காற்று உள்ளே போய் வெளியே வந்து அறையைக் கழுவியது. வெள்ளை எல்லாம் அடங்கி வெகுநேரம் கழித்து, கதவை மலரத் திறந்து வைத்து, அவனை வாசலில் என் பேரைச் சொல்லிக் கூப்பிடாமல் வேறு ஏதாவது பேசிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, நான் போய் வால்வை மூடினேன். அவன் மாடுகளின் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தான். அத்தனை வழிந்தும் கேனைச் சுற்றித் தரையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

அதற்குப் பிறகும் அந்த அறையில் ஓய்வு பெறுகிற வரைக்கும் ஊற்றினேன். மழையானாலும் கதவைச் சாத்தவில்லை, கேன் வழிந்தால் வழியட்டும் என்று கண்ணால் பார்த்து நிரப்பினேன். அந்த மழை நாளின் இரவு வீட்டுக்கு வந்ததும் பாலை ஓட்டிப் பார்த்தேன். வார்த்தை வந்தது. அடுத்த நாளும் வார்த்தை மட்டும் வந்தது. அவள் சொன்ன எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, எந்த நாள் எந்த இடத்தில் என்ன சொன்னாள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன், அதில் ஒன்றுக்கும் குரல் இல்லை. குரல் என்று நான் தேடினால் வருவது ஒன்றே ஒன்று. கரகரப்பு, ஏற்றம், எதுவும் பிசகாமல் அவளுடைய குரல், அவள் ஒரு நாளும் சொல்லாத என் பேரைச் சொல்கிறது. துளசிமணியின் குரலில் என்னிடம் மீதி இருப்பது அதுதான்.